கூப்பிடு தூரம்



பிறந்த எவர்க்கும் மூப்பு உண்டு என்பதை நாம் விஹாரத்தில் பௌர்ணமிதோறும் கேட்கிறோம். கேட்டுத் தலையசைத்து வீடு திரும்புகிறோம். ஆயினும் அந்த மூப்பு எந்தத் தெருவில், எந்தக் கூரையின்கீழ், எவர் கண்ணெதிரே கழிய வேண்டும் என்ற கேள்வியை நாம் நம்முள் எழுப்புவதேயில்லை. இதனை வாடகைப் பேச்சென்றும் வீட்டுத் தரகர் விவகாரமென்றும் தள்ளிவிடுகிறோம். இஃது அறத்தைச் சார்ந்த கேள்வியே என்பதை எடுத்துரைக்கவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

கேள்வி இதுதான். பெற்றோர் ஓரூரில் இருக்க, மக்கள் வேறோரூரில் இருந்துகொண்டு, மாதந்தோறும் பணம் அனுப்பினால் கடமை தீர்ந்ததா? தீரவில்லையெனின், சொந்தக் காரும் சொந்த வீடும் இல்லாத ஏழை மக்கள் தம் பெற்றோரை எங்கே, எங்ஙனம் அருகில் வைத்துக் காப்பது?

இக்கேள்வி ஒரு சிலரைப் பற்றியதன்று. 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இந்தியாவில் அறுபது வயது கடந்தோர் பத்துக் கோடிக்கு மேற்பட்டவர். அஃதாவது நூற்றுக்கு எட்டுப் பேருக்கும் அதிகம். அதற்குப் பின் அத்தொகை வளர்ந்தே வந்திருக்கிறது. அவர்களுள் பெரும்பாலார் கைப்பாடுபட்டு உண்டவர். உடல் தளர்ந்தபின் கையில் மிஞ்சியது கொஞ்சமே.

நாம் தங்கவயலில் பிறந்தவர். தந்தையார் சுரங்கத்தொழிலாளி, அன்னையார் வீட்டோடு இருந்து ஐவரை வளர்த்தவர். நாம் பதினெட்டு வயதில் வேலை தேடிப் பெங்களூர் சென்று ஒரு நூற்பாலையில் சேர்ந்தோம். பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. மற்றதெல்லாம் இரவு ஷிப்ட் முடிந்தபின் நாமே எழுத்துக்கூட்டிப் படித்தது. பிழையிருப்பின் அன்பர்கள் பொறுத்தருள்க.

தங்கவயலின் நிலை நம்மவருள் பலர் அறிந்ததே. 1880ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே நவீன முறையில் சுரங்கம் தோண்டினர். 1894இல் பங்காருப்பேட்டையிலிருந்து இரயில் பாதை வந்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. நம் பாட்டன்மாரும் தந்தையரும் மூன்று கிலோமீட்டருக்கும் கீழான ஆழத்தில் இறங்கிப் பொன் வெட்டினர். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. பொன் போயிற்று, லைன் வீடுகளும் சைனைடு மண்மேடுகளும் முதியோரும் எஞ்சினர். காற்றடிக்கும் காலத்தில் அம்மேட்டுத் தூசி வீட்டுக்குள் வந்து படியும். சுரங்கத்தோடு இருந்த பெரிய மருத்துவமனையும் பழைய நிலையில் இல்லை.

இளையோர் என் செய்தனர்? பிழைப்பு பெங்களூரில் இருந்தது. பெற்றோரும் குறைந்த செலவு வீடும் தங்கவயலில் இருந்தன. இடையே நூறு கிலோமீட்டர். ஒரு சாரார் மாரிக்குப்பத்திலிருந்து விடியுமுன் புறப்படும் வண்டியில் ஏறி, நின்றபடியே பெங்களூர் சென்று, வேலை முடித்து, இரவில் வீடு திரும்பினர். இன்றும் ஆயிரக்கணக்கானோர் அங்ஙனமே செய்கின்றனர். மற்றொரு சாரார் பெங்களூரிலேயே குடியேறி, மாதம் ஒருமுறை ஊர் சென்று வந்தனர். நாம் இரண்டாம் சாராரைச் சேர்ந்தோம்.

முதற்சாராரை நாம் பல காலம் இரக்கத்தோடு நோக்கினோம். 'நாளுக்கு ஆறு மணி நேரத்தை இரயிலில் கழிக்கிறார்களே' என்று பேசினோம். இன்று அவர்கள்மீது மரியாதையே கொண்டிருக்கிறோம். பெற்றோர் இருக்கும் கூரையின்கீழ் ஒவ்வோரிரவும் உறங்கும் பொருட்டு அவர்கள் அந்த விலையைக் கொடுக்கிறார்கள். எனினும் அதுவும் முழு விடையன்று. விளக்கு வைக்குமுன் போய் விளக்கணைத்தபின் வரும் மகனைத் தாய் உறங்கும் முகமாகவே காண்கிறாள். பகலில் அவள் விழுந்தால் தூக்க அவன் இல்லை.

இனி, நம் குற்றத்தை மறைக்காமல் கூறிவிடுவது நன்று.

1998இல் தந்தையார் மறைந்தார். அன்னையார் லைன் வீட்டில் தனித்திருந்தார். 2003இல் நாம் வேலை செய்த ஆலையும் மூடப்பட்டது. அது நின்ற இடத்தில் இன்று மாடிமேல் மாடியாகக் குடியிருப்பு நிற்கிறது. நாம் இரவுக் காவலாளி வேலைக்குச் சென்றோம். ஞாயிறுதோறும் தம்மம் உரைத்தோம். 'எங்களோடு வந்துவிடுங்கள்' என்று அன்னையாரை அழைத்ததுண்டு. “நான் அங்கே வந்து எங்கே படுப்பேன்? உன் பெண்சாதிக்கு இடைஞ்சல். இங்கே நாலு பேர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்” என்பார். அவர் கூறியது முற்றும் உண்மை. நம் வீடு இரண்டாம் மாடியில் ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும், அதில் நால்வர். இரும்புப் படி, கைப்பிடி ஒரு பக்கமே உண்டு. அவர் மறுத்தபோது நாம் வருந்தியதாகக் காட்டிக்கொண்டோம். உள்ளுக்குள் ஆறுதலே அடைந்தோம். அவர் அவ்வூரை விடாததைப் 'பற்று' என்று பெயரிட்டு, அதன்மேல் ஒரு பிரசங்கமும் செய்தோம். தம் வசதிக்குத் தம்மத்தின் சொல்லை எடுத்துப் போர்த்துவது எத்துணை எளிது என்பதை அன்பர்கள் எண்ணிப் பார்க்கவும்.

2016ஆம் ஆண்டு ஒருநாள் மாலை அன்னையார் கழிப்பறைக்குச் செல்லும் வழியில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. செய்தி நமக்கு எட்டியபோது இரவு ஒன்பது மணிக்கு மேலாகிவிட்டது. அன்றைய கடைசி வண்டி போய்விட்டது. வாடகைக் காருக்குக் கேட்ட தொகை நம் கையில் இல்லை. கன்டோன்மென்ட் நிலையத்தின் பெஞ்சில் விடியும்வரை அமர்ந்திருந்தோம். அன்றிரவு அன்னையாரைத் தூக்கிக் கிடத்தி, துணி மாற்றி, கஞ்சி ஊட்டி, கைபிடித்து விழித்திருந்தவர் அடுத்த வீட்டு அம்மையார். அவர் நமக்கு உறவினர் அல்லர். தம்மம் பேசியவரும் அல்லர். நம் கடமையை அவர் செய்தார். நாமோ பல ஆண்டுகளாக அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

அவ்விரவில் நமக்குத் தோன்றிய எண்ணமே இக்கட்டுரையின் சாரம். கடமைக்குத் தூரம் உண்டு. அன்பு நூறு கிலோமீட்டரைத் தாண்டும். பணம் ஒரு நொடியில் தாண்டும். கை மட்டும் தாண்டாது. விழுந்தவரைத் தூக்கக் கையே வேண்டும்.

“பணம் அனுப்புகிறோமே, போதாதா?” என்பார் உண்டு. பணம் வேண்டும், அதனை இழிவாகக் கூறோம். உழைக்கும் மக்களின் ஓய்வூதியம் எவ்வளவு? தொழிலாளர் வைப்பு நிதியைச் சார்ந்த ஓய்வூதியத்திற்கு 2014ஆம் ஆண்டு குறைந்த அளவாக வகுக்கப்பட்டது மாதம் 1,000 ரூபாய். அதைக் கொண்டு அரிசியும் மருந்தும் வாங்குவதே அரிது. ஆகவே மக்கள் பணம் அனுப்பாமல் முதியோர் வாழ்வது எங்ஙனம்? ஆனால் சிகாலோவாத சூத்திரத்தில் பகவான் இல்லறத்தான்கண் வைத்த கடமைகளைக் கவனியுங்கள். தாய்தந்தையர் தன்னைத் தாங்கினர். ஆதலின் தான் அவர்களைத் தாங்க வேண்டும், அவர்கள் வேலைகளைத் தான் செய்ய வேண்டும் என்பது அதன் கருத்து. தாங்குதலும் செய்தலும் உடனிருந்து ஆற்றும் வினைகள். மழலையாயிருந்த நம்மை அன்னை தொலைவிலிருந்து பணம் அனுப்பி வளர்க்கவில்லை.

“அப்படியாயின் முன்னோர் வழக்கம்போல் ஒரே வீட்டில் எல்லோரும் இருப்பதே முறை” என்று கூறுவாரும் உளர். இடமிருந்து, மனமும் ஒத்திருந்தால் அது நன்றே. இல்லாத இடத்தில் அதனை அறமென்று வற்புறுத்துதல் தவறு. பத்தடிக்குப் பத்தடி அறையில் ஐவர் படுக்க, முதியவர் இரவில் நான்கு முறை எழுந்தால், உறக்கமின்றி வேலைக்குச் செல்வோன் ஒருநாள் கடுஞ்சொல் கூறுவான். அச்சொல் முதியவர் நெஞ்சில் தைத்து நிற்கும். இன்னுமொன்று: ஆண்மக்களாகிய நாம் 'தாயைக் காத்தோம்' என்று மார்தட்டுவதில் பெரும்பங்கு மருமகளின் கைவேலை. கழுவுவதும் துடைப்பதும் சமைப்பதும் அவள், புகழ் நம்முடையது. பிறர் கையால் செய்வித்த தானத்தைத் தன் பேரில் எழுதிக்கொள்வது எந்தச் சீலத்தில் சேரும்? ஒரே வீட்டில் வைப்பதாயின் மகனும் துணி துவைக்க வேண்டும். மலச்சட்டி எடுக்க வேண்டும். அதற்கு ஒருப்படாதவன் ஒரே வீட்டைப் பற்றிப் பேசலாகாது.

முதியவர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. தம் அடுப்பு, தம் கதவு, தம் திறவுகோல் என்பன வெறும் பொருள்கள் அல்ல. ஐம்பதாண்டு தன் வீட்டை ஆண்ட அம்மை, ஒரு தம்ளர் வெந்நீருக்கு மற்றொருத்தியின் முகம் பார்த்து நிற்கும் நாளில் பாதி உயிர் போகிறது. தன்மானத்தை உயிரினும் மேலாகக் கருதித் தம்மத்தைத் தழுவிய நாம், நம் பெற்றோர்க்கு அந்தத் தன்மானத்தை மறுக்கலாமா?

ஆகவே நூறு கிலோமீட்டரும் தகாது. இடமில்லாத ஒரே அறையும் தகாது. இவ்விரண்டினுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. அடுப்பு வேறாக இருக்கலாம். குரல் மட்டும் எட்ட வேண்டும். நம் கிராமத்தார் இதற்கு அழகிய சொல் வைத்திருக்கின்றனர்: கூப்பிடு தூரம்.

முதியோர்க்கென்றே கட்டப்பட்ட குடியிருப்புகள் பெங்களூரைச் சுற்றிலும் எழுந்துள்ளன. இத்தகைய இல்லங்களுக்கென 2019இல் மத்திய அரசு மாதிரி நெறிமுறைகளையும் வெளியிட்டது. அவற்றுட் பல ஊருக்கு வெளியே நிற்கின்றன. விலை பல இலட்சம். மகன் பார்க்க வரவேண்டுமாயின் கார் வேண்டும். அவற்றைக் குறை கூறவில்லை. அவை நமக்காகக் கட்டப்பட்டவை அல்ல என்பதை மட்டும் கூறுகிறோம். காரில்லாதவன் தூரத்தை மணிக்கணக்கால் அளக்கிறான். முதியவரோ தம் காலால் அளக்கிறார். ஆரோக்கியமுள்ளவன் ஐந்து நிமிடத்தில் கடக்கும் சந்து, முழங்கால் வலியுள்ள மூதாட்டிக்கு இருபது நிமிடம். ஆகவே வீடு தேடுவோன் கையில் பிடிக்க வேண்டிய அளவுகோல் தன் காலன்று, அவர் கால்.

பேருந்தைப் பற்றியும் ஒரு சொல். 2023 ஜூன் 11 முதல் கர்நாடகத்துப் பெண்கள் அரசின் சாதாரணப் பேருந்துகளில் கட்டணமின்றிச் செல்கின்றனர். இஃது ஏழைப் பெண்டிர்க்கு மிகப் பெரிய உதவி. தாயைக் காணச் செல்லும் மகள் இன்று காசெண்ண வேண்டுவதில்லை. ஆயினும் எழுபது வயது அம்மைக்குத் தடை காசன்று, பேருந்தின் முதற்படியே. அப்படியில் அவரால் ஏற முடியவில்லையெனின் இலவசமும் பயன்படாது. ஆகவே அவர் ஏற வேண்டாத வகையில் நாம் அருகிருக்க வேண்டும். ஏறவேண்டியிருந்தால் மகளே ஏற வேண்டும்.

நிற்க. நம் அன்னையார்க்கு வீடு தேடிய கதையைக் கூறுகிறோம், எவர்க்கேனும் பயன்படலாம்.

மருத்துவமனையிலிருந்து வந்த அவரை இரண்டாம் மாடிக்கு ஏற்ற முடியாதென்பது தெளிவாயிற்று. தரகரிடம் சென்றோம், அவர் காட்டியவை நம் கைக்கு எட்டாதவை. பின்னர் நாமே மாலைதோறும் நம் வீட்டைச் சுற்றிய சந்துகளில் நடந்தோம். பால் விற்பவர், துணி தேய்ப்பவர், ரேஷன் கடைக்காரர், தண்ணீர்க் குழாயருகே நிற்கும் பெண்டிர் ஆகிய இவர்களிடம் விசாரித்தோம். எந்த வீடு காலியாகும் என்பது பலகை தொங்குமுன் இவர்களுக்கே தெரியும்.

வீடிருந்தும் பல இடங்களில் கதவு திறக்கவில்லை. சிலர் “நீங்கள் சைவமா?” என்று கேட்டனர். அக்கேள்வியின் உள்ளுறை என்னவென்பதை நம்மவர்க்கு விளக்க வேண்டுவதில்லை. உணவைக் கேட்பதுபோல் பிறப்பைக் கேட்கும் தந்திரம் அது. 'பௌத்தர்' என்று கூறினோம். சிலர் விளங்காமல் விழித்தனர். சிலர் நன்கு விளங்கிக் கதவைச் சாத்தினர். வேறு சிலர் வாய்விட்டே உரைத்தனர்: “வயதான அம்மா தனியாகவா? இங்கேயே ஏதாவது ஆகிவிட்டால்?” வீட்டில் சாவு நேருமே என்ற அச்சம் அது. முதியோர்க்கு வாடகை வீடு கிடைப்பதில் பெருந்தடை பணம் மட்டுமன்று, இவ்வச்சமும் என்பதை அன்றுதான் அறிந்தோம். சாவு நேராத வீடு ஒன்றும் இல்லை என்பது கடுகு கேட்டலைந்த கிசாகோதமியின் வரலாற்றைக் கேட்ட நமக்குத் தெரியும். வீட்டுக்காரருக்கு எங்ஙனம் தெரியும்? அவர் அச்சத்தைப் பழிப்பதைவிடப் போக்குவதே நமக்கு வேலை.

இருபத்தாறு நாட்களுக்குப் பின் ஒரு கைம்பெண் அம்மையார் தம் வீட்டின் பின்பக்கத்துத் தரைத்தள அறையைத் தர இசைந்தார். “எனக்கும் பேச்சுத் துணையாகும்” என்றார். மாத வாடகை 3,500 ரூபாய். பெங்களூர் வழக்கப்படி பத்து மாதத்து முன்பணம், 35,000 ரூபாய். நம்முடன் பிறந்தார் நால்வரும் நாமும் பங்கிட்டோம். ஒருவனால் முடியாதது ஐவரால் முடிந்தது. அவ்வறைக்கும் நம் வாயிலுக்கும் இடையே முந்நூறு அடி வைப்பு. நாம் எண்ணிப் பார்த்தோம்.

வீடு பார்க்கும் அன்பர்கள் கவனிக்க வேண்டுவன சில. முதலாவது, தரைத்தளமாயிருத்தல், வாசற்படி ஒன்றிரண்டிற்கு மேல் இருத்தலாகாது. இரண்டாவது, கழிப்பறை உள்ளேயே இருத்தல். குந்த முடியாதவர்க்கு நாற்காலி போன்ற இருக்கை வைத்தல். சுவரில் கைப்பிடி பதித்தல். அன்னையார் விழுந்தது சில நூறு ரூபாய்க் கைப்பிடி இல்லாமையாலேயே. மூன்றாவது, இரவில் தெருவிளக்கு எரிகிறதா என்று மாலை ஏழு மணிக்கு மேல் சென்று காணுதல். பகலில் மட்டும் பார்த்து முன்பணம் கொடுத்தல் ஆகாது. நான்காவது, பால், மருந்து, மருத்துவர் ஆகிய மூன்றும் முதியவர் காலளவில் உண்டா என்று நடந்து பார்த்தல். ஐந்தாவது, முதியவரையே அழைத்துச் சென்று அவர் சம்மதம் பெறுதல். அவர் வாழப்போகும் வீட்டை அவர் காணாமல் முடிவு செய்வது, அன்பாயினும் அதிகாரமே.

ஊர் மாறினால் அரிசியும் ஓய்வூதியமும் நின்றுவிடுமென்று முதியோர் அஞ்சுவர். இன்று ரேஷன் அட்டையைக் கொண்டு வேறு ஊர்க் கடையிலும் மத்திய அரசின் உணவுச் சட்டப்படியான தானியத்தைப் பெற வழி உண்டு. ஓய்வூதியம் வங்கிக் கணக்கிற்கே வருகிறது. ஆண்டுக்கொருமுறை தர வேண்டிய உயிர்ச்சான்றையும் இருந்த இடத்திலிருந்தே மின்வழியாகத் தரலாம். இவ்வச்சத்தை முதலில் போக்கிய பின்னரே இடமாற்றத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

சட்டம் என்ன கூறுகிறது? 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி, தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத பெற்றோர் மக்களிடம் பராமரிப்புக் கோரலாம். அதற்கெனத் தீர்ப்பாயம் உண்டு. காப்பாற்றுவதாக ஒப்பி வீட்டை எழுதி வாங்கிக்கொண்டு கைவிட்டால், அந்தப் பத்திரத்தையே செல்லாததாக்க அச்சட்டத்தின் 23ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஆகவே தங்கவயலிலோ வேறெங்கோ சிறு வீடு உடைய முதியோர், மகன் அருகே செல்வதற்காக அதனை அவசரப்பட்டு எழுதிக் கொடுத்துவிட வேண்டாம். கொடுப்பதாயின் பராமரிப்பு நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுவிக்க வேண்டும். உதவி வேண்டுவோர் 14567 என்ற எண்ணில் முதியோர் உதவித் தொடர்பை அழைக்கலாம். எனினும் சட்டம் பணத்தை வாங்கித் தரும்; அருகில் வந்து அமரச் செய்யாது. அது நம் மனத்தின் வேலை.

இனிச் சங்கம் செய்யக்கூடியதைப் பற்றி எம் வேண்டுகோள்.

ஏழைக் குடும்பத்தைத் தடுப்பது மாத வாடகையைவிட முன்பணமே. முன்பணம் செலவன்று; வீட்டைக் காலி செய்யும்போது திரும்பி வருவது. நூறு குடும்பங்கள் மாதம் ஐம்பது ரூபாய் வீதம் ஒதுக்கினால் ஆண்டுக்கு 60,000 ரூபாய் சேரும். நாலாயிரம் ரூபாய் வாடகையுள்ள வீட்டிற்குப் பத்து மாதத்து முன்பணம் 40,000. ஓராண்டுச் சேமிப்பில் ஒரு முதியவர்க்கு வீடு. மறு ஆண்டில் மேலும் இருவர்க்கு. அப்பணம் திரும்பி வந்து அடுத்தவர்க்குச் செல்லும். ஆலையில் பாவு நூல் ஒன்று அறுந்தால் தறியை நிறுத்தி முடிச்சிடுவோம். ஒரு நூல்தானே என்று விட்டுவிட்டால் துணி முழுதும் பழுது. சங்கமும் அங்ஙனமே.

அடுத்து, வீட்டுக்காரரின் அச்சத்தை நீக்கச் சங்கம் பிணை நிற்க வேண்டும். 'நோய் வந்தால் எந்நேரமும் எங்கள் ஆட்கள் வருவர். மரணம் நேர்ந்தால் இறுதிக் கடன்களை நாங்களே உடனே ஏற்போம்' என்று சங்கத்தின் முத்திரையிட்டு ஒரு கடிதம் கொடுத்தால் மூடிய கதவுகளுட் சில திறக்கும். மேலும் உபாசகர் ஒவ்வொருவரும் தம் தெருவில் காலியாகும் தரைத்தள வீடுகளைக் குறித்து வந்து பௌர்ணமிக் கூட்டத்தில் அறிவிக்கலாம். இதற்கு ஒரு காசும் வேண்டுவதில்லை.

மக்களே இல்லாதவர், மக்கள் இருந்தும் கைவிடப்பட்டவர் நிலை என்ன? மாவட்டந்தோறும் முதியோர் இல்லம் அமைக்க 2007ஆம் ஆண்டுச் சட்டம் வழி வகுத்திருக்கிறது. வேறு கதியில்லாதவர்க்கு அது வேண்டும். ஆனால் அதற்கு முன் நாம் இருக்கிறோம். வயிற்றுக் கடுப்பால் தன் மலத்திலேயே கிடந்த பிக்கு ஒருவரைப் பகவானும் ஆனந்தரும் தம் கைகளால் கழுவிப் படுக்கையில் கிடத்தினர் என்று விநயத்தில் காண்கிறோம். தாயும் தந்தையும் அங்கில்லாத உங்களை ஒருவரையொருவர் கவனிக்காவிடில் வேறெவர் கவனிப்பர் என்பதே பிக்குகளுக்கு அவர் உணர்த்திய பொருள். பகவான் ஆளனுப்பவில்லை, தாமே சென்று தண்ணீர் ஊற்றினார். தங்கவயலின் அடுத்த வீட்டு அம்மையாரும் அதையே செய்தார்.

ஒரு குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அன்னையாரைப் பெங்களூர்க்குக் கொண்டுவந்ததில் அவர் இழந்ததும் உண்டு. லைன் வீட்டுத் திண்ணையில் அவர் பெயர் சொல்லி அழைத்தவர் இங்கில்லை. தந்தையாரைப் புதைத்த இடம் அங்கே. முதல் ஆறு மாதம் அவர் வாயிலில் அமர்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். “இங்கே என்னை எல்லாரும் உன் அம்மா என்கிறார்கள், என் பேர் ஒருவருக்கும் தெரியாது” என்றார் ஒருநாள். அதைக் கேட்டபின் நாம் அவரைத் தெருவில் பலர்க்கும் பெயர் சொல்லி அறிமுகம் செய்தோம். திங்கள் ஒருமுறை தங்கவயலிலிருந்து வருவோரை அவர் அறைக்கு அழைத்து வந்தோம். அவர் தேறினார், முற்றும் தேறினார் என்று கூறமாட்டோம். அங்கே மக்கள் தொலைவு. இங்கே நட்பு தொலைவு. இரண்டும் துக்கமே. குறைந்த துக்கத்தைத் தேர்வதற்கு மேல் மனிதர்க்கு வழியில்லாத இடங்கள் உள. இயலுமாயின் மக்களே பெற்றோர் ஊருக்குப் பெயர்தல் சிறப்பு. இயலாதவிடத்துப் பெற்றோர் பெயரும்போது, அவர் இழப்பது இன்னதென்று நாம் அறிந்திருத்தலாவது வேண்டும்.

நான்கு ஆண்டுகள் அவர் அவ்வறையில் வாழ்ந்தார். தம் அடுப்பில் தாமே காப்பி போட்டுக் குடித்தார். பேரப்பிள்ளைகள் பள்ளி விட்டதும் அங்கே சென்றே நம் வீட்டுக்கு வந்தனர். வாரத்தில் மூன்று நாள் நாம் துணி துவைத்தோம். 2021ஆம் ஆண்டு ஓரிரவு வீட்டுக்கார அம்மையார் நம் தெருவில் நின்று கூப்பிட்டார். நமக்குக் கேட்டது. இரயில் வேண்டவில்லை, கார் வேண்டவில்லை. நடந்தே சென்றோம். அவர் கை இன்னும் சூடாயிருந்தது. நம்மை அறிந்து விரலை அசைத்தார். விடியுமுன் போய்விட்டார்.

ஐந்தாண்டுகளுக்கு முன் அதே கூப்பாடு நமக்குக் கேட்கவில்லை. இரண்டு இரவுகளுக்கும் நாம் அதே மகன்தான். அன்பும் அதே அன்புதான். வேறுபட்டது தூரம் ஒன்றே.

ஆகவே அன்பர்களே, இன்றிரவு வீடு சென்றதும் ஒன்று செய்யுங்கள். உங்கள் வாயிலில் நின்று, உங்கள் தாயோ தந்தையோ, அல்லது உங்கள் தெருவில் தனித்திருக்கும் எந்த முதியவரோ இப்போது கூப்பிட்டால் உங்களுக்குக் கேட்குமா என்று எண்ணிப் பாருங்கள். கேட்காதெனின், கேட்கும் தூரத்துக்கு ஓர் அறையை நாளை மாலையே தேடத் தொடங்குங்கள். தனியே முடியாதெனில் சங்கத்திடம் வாருங்கள். உங்களோடு சந்து சந்தாக நடக்க நாம் வருகிறோம்.

சகல ஜீவன்களும் துக்கம் நீங்கி வாழ்க.